காக்கா ஆழி: ஓர் ஆற்றடித் தரையின் வரலாறு

சென்னையின் வடகோடியில், கொசஸ்தலை ஆறு வங்கக் கடலைச் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி நெட்டுக்குப்பம் என்னும் மீனவர் ஊர் அமைந்திருக்கிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் ஆறு. இரண்டுக்கும் இடையே வாழும் இம்மக்களுக்கு இரண்டு வயல்கள் உண்டு எனலாம். கடல் சீறும் நாள்களில் கட்டுமரமும் படகும் கரையேறிக் கிடக்க, ஆற்றுக்குள் வலை இறங்கும். கடல் கொடாத நாளில் ஆறு கொடுக்கும் என்பது எண்ணூர்க் கரையில் பல தலைமுறைகளாக நிலைத்துவந்த நம்பிக்கை.

இங்கு 'ஆறு' என்னும் சொல்லுக்குப் பொருள் பெரிது. மேற்கிலிருந்து மழைநீரைக் கொண்டுவரும் ஓடை மட்டும் அன்று அது. கடல்நீர் ஏறியும் இறங்கியும் கலக்கும் உப்பங்கழி, அதன் கிளைகள், அலையாத்தி மரங்கள் நிற்கும் சேற்றுமேடுகள், வடக்கே பழவேற்காட்டு ஏரி வரை தொடரும் நீர்வழி ஆகிய அனைத்தும் அச்சொல்லில் அடங்கும். இந்த ஆற்றின் நீரைப் பற்றி எழுதியவர் பலர் உளர். கரையில் எழுந்த ஆலைகளைப் பற்றியும் துறைமுகங்களைப் பற்றியும் எழுதப்பட்டவை ஏராளம். நீருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் தரைக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்தத் தரையில் அண்மை ஆண்டுகளில் குடியேறிய ஒரு சிறிய கருஞ்சிப்பியின் வழியாக அவ்வரலாற்றை நினைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மீனவர் அதற்கு இட்ட பெயர் 'காக்கா ஆழி'.

கையால் படித்த தரை

கழிமுகத்தின் வளம் அதன் அடியில் இருக்கிறது. இறாலின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. நுண்ணிய குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து, முகத்துவாரத்தின் வழியே உள்ளே வந்து, உப்பும் நன்னீரும் கலந்த கழியின் அடித்தரையில் தங்குகின்றன. அங்கே சேற்றில் கிடைக்கும் மக்கிய இலையையும் நுண்ணுயிர்களையும் புழுக்களையும் உண்டு சில மாதங்கள் வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்புகின்றன. ஆக, கடலில் பிடிபடும் இறாலில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஆற்றின் சேற்றில் வளர்ந்ததே. பச்சை நண்டு சேற்றில் வளை தோண்டி வாழ்கிறது. உளுவை அடித்தரையை விட்டு அகலாது. கிழங்கான் மணலைக் கிளறி இரை தேடும். மடவை சேற்றுப் படலத்தை மேய்ந்தே வளர்கிறது. மஞ்சள் மட்டியும் பிற கிளிஞ்சல்களும் மண்ணுக்குள் புதைந்து, நீரை உறிஞ்சி வடிகட்டி உயிர்வாழ்கின்றன.

இத்தரையை வலையின்றியே அறிந்தவர்களும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். எண்ணூர், பழவேற்காட்டுப் பகுதிகளில் வாழும் இருளர் குடியினர், குறிப்பாகப் பெண்கள், இடுப்பளவு நீரில் அமர்ந்தவாறே நகர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பர். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொள்வதும் உண்டு. கைகள் இரண்டும் தரைக்குரியவை ஆதலால், பிடித்ததை இட்டுவைக்க வாய்தான் துணை. நீர் கலங்கியிருக்கும், கண்ணால் காண்பது ஒன்றும் இல்லை. மென்சேறு எங்கே, மணல் கலந்த சேறு எங்கே, இறால் ஒதுங்கும் பள்ளம் எங்கே, முள்ளுடைய கெளுத்தி எங்கே பதுங்கும் என்பதெல்லாம் விரல்நுனி சொல்லும் செய்தி. படகும் வலையும் வாங்க இயலாத ஏழைக்கு, இரண்டு கைகளையும் ஒரு பறியையும் முதலாகக் கொண்டு பிழைக்க இத்தரை இடம் கொடுத்தது.

படகுள்ளவர்களும் இத்தரையை மனம்போனபடி அள்ளிக்கொள்ளவில்லை. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்னும் முறை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. நல்ல இறால் கிடைக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டு, இன்று ஒருவர், நாளை வேறொருவர் என வலையிடும் ஏற்பாடு அது. எல்லா இடமும் ஒரே அளவு கொடுப்பதில்லை என்பதையும், எவருக்கும் எப்போதும் நல்ல இடமே வாய்த்தல் நீதியன்று என்பதையும் உணர்ந்த சமூகம் வகுத்த சட்டம் அது. அடித்தரையைப் பற்றிய நுட்பமான அறிவு இல்லாமல் இத்தகைய முறை ஒன்று தோன்றியிருக்க இயலாது.

நகரைப் பூசிய கிளிஞ்சல்

சென்னை நகரம் இந்த அடித்தரைக்குப் பட்ட கடன் பெரிது. சிமெண்டு வருவதற்கு முன், சுவர் எழுப்பவும் பூசவும் சுண்ணாம்பே பயன்பட்டது. சுண்ணாம்புக்கல் அரிதான இக்கடற்கரையில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தனர். நன்றாக அரைத்து, பலமுறை தேய்த்து மெருகேற்றிய 'மதராஸ் சுண்ணாம்பு' பளிங்கைப் போல் மின்னியது என்று அயல்நாட்டுப் பயணிகள் வியந்து எழுதினர். கோட்டையின் மாளிகைகளும் பழைய தேவாலயங்களின் தூண்களும் அவ்வாறு பளபளத்தவையே. நாம் கை வைத்துப் பார்த்த அந்த வெண்மையில், சேற்றில் வாழ்ந்து மடிந்த சிற்றுயிர்களின் ஓடுகள் கலந்திருக்கின்றன.

1806ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. முதலில் அது காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர் வடக்கே பழவேற்காட்டுக்கும் அதற்கு அப்பாலும் நீண்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்தின்போது, பசித்தவர்க்கு வேலை கொடுக்கும் திட்டமாகக் கால்வாய்ப் பணி மேலும் நடந்தது. அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. விறகும் உப்பும் கிளிஞ்சலும் படகுகளில் அதன் வழியே நகருக்கு வந்தன. ஆங்கிலேய அலுவலர்கள் விடுமுறை நாள்களில் எண்ணூருக்கு வந்து தங்கிப் படகோட்டி மகிழ்ந்தனர். அவர்களுக்கு ஆறு என்பது படகு மிதக்கும் ஆழம். காற்று வாங்கும் கரை. அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கவேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை.

அத்தேவையை உணர்ந்தவரும் சிலர் இருந்தனர். 1907இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்திற்கெனத் தனி அலுவலகம் ஏற்பட்டது. அதில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் முத்துச்சிப்பி, சங்கு, கடலட்டை, உண்ணத்தக்க ஆளி என அடித்தரை உயிர்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதினார். பழவேற்காட்டில் ஆளி வளர்க்கும் சோதனைகளும் அக்காலத்தில் நடைபெற்றன. 1916இல் பிரெஸ்டன் என்னும் அறிஞர், நம் கழிமுகங்களில் வளரும் ஆளிக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, 'மதராசென்சிஸ்' என்று இந்நகரத்தின் பெயரையே அதற்கு இட்டார். சென்னை தன் பெயரைச் சேற்றில் வாழும் ஓர் உயிருக்கு வழங்கியிருக்கிறது என்பதை இன்று எத்தனை பேர் அறிவோம்?

மேலிருந்து பார்த்தவர்களின் காலம்

விடுதலைக்குப் பின் வடசென்னை தொழில்நகரம் ஆயிற்று. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், எண்ணெய் வேண்டும், உரம் வேண்டும், துறைமுகம் வேண்டும். இத்தேவைகள் மெய்யானவை, அவற்றை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. ஆயினும் அத்தேவைகளுக்காக ஆற்றைப் பார்த்தவர் அனைவரும் மேலிருந்தே பார்த்தனர். 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2017இல் மூடப்படும் வரை அது நகருக்கு விளக்கேற்றியது. 1994இல் ஆற்றின் வடபுறத்தில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அது காமராசர் துறைமுகம் எனப்படுகிறது. 2012இல் வல்லூர் மின்நிலையமும், அதே காலத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பும் அதைச் சார்ந்த ஆலைகளும் அதற்கு முன்பே பெருகியிருந்தன.

மின்நிலையத்திற்கு ஆறு என்பது எந்திரத்தைக் குளிர்விக்கும் நீர். ஆலைக்கு அது கழிவை ஏற்கும் வடிகால். துறைமுகத்திற்கு ஆற்றோரச் சதுப்பு, மண் கொட்டி உயர்த்தவேண்டிய தாழ்நிலம். வரைபடத்தில் நீலமாகத் தீட்டிய இடத்தில், நீலத்திற்கு அடியில் என்ன வாழ்கிறது என்பதைக் காட்ட நிறம் இல்லை.

நிலக்கரியை எரித்தால் சாம்பல் மிஞ்சும். அதை நீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்திற்கு அனுப்பினர். குழாய்கள் ஆற்றைக் கடந்து செல்லும் இடங்களில் கசிந்தன, உடைந்தன. சாம்பல் ஆற்றில் படிந்தது. நீர் ஓடிக்கொண்டேயிருக்கும், ஒருநாள் தெளியும். படிந்தது அடியிலேயே கிடக்கும். துடுப்புக்கோல் தரை தொடாத இடங்களில் இப்போது முழங்கால் அளவே நீர் நிற்கிறது என்று மீனவர் கூறினர். சேற்றைத் துழாவிய கைகளுக்குப் பசைபோன்ற சாம்பல் தட்டுப்பட்டது. பல ஆண்டுகள் முறையிட்டும் வழக்காடியும் வந்த பின்னர், 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலை அகற்றிச் சீர்செய்யவேண்டும் என்னும் வகையில் தீர்ப்பளித்தது.

இடையில் 2017 ஜனவரி 28ஆம் நாள் விடியற்காலையில் எண்ணூருக்கு அப்பால் கடலில் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் கடற்கரை நெடுகிலும் தார்போல் ஒட்டியது. எந்திரங்கள் பயன்படாமற்போக, மீனவரும் மாணவரும் வாளிகளால் அதை அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெருமழையைக் கொட்டியபோது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாயின் வழியே ஆற்றுக்குள் வந்தது. படகும் வலையும் அலையாத்தியும் கறுத்தன. அப்போதும் அள்ளியவை மீனவரின் கைகளே. கைகளால் வாழ்ந்த ஆற்றைக் கைகளாலேயே கழுவவேண்டிய நிலை அவர்களுக்கு வாய்த்தது.

கப்பலில் வந்த விருந்தாளி

இவ்வாறு நலிந்திருந்த தரையில்தான் காக்கா ஆழி வந்து படர்ந்தது.

அதன் அறிவியல் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா. தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா ஆகியவற்றின் வெப்பக் கடற்கரைகளே அதன் தாயகம். கட்டைவிரல் நீளமே உள்ள இச்சிப்பி, தன் உடலிலிருந்து சுரக்கும் நூலிழைகளால் கல்லிலும் மரத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒட்டிக்கொள்ளும். மென்சேற்றில்கூட ஒன்றோடொன்று பிணைந்து பாய் விரித்தாற்போல் பரவும். நன்னீர் மிகுந்த மழைக்காலத்தையும் உப்பு மிகுந்த கோடையையும் ஒருங்கே தாங்கும். சில மாதங்களிலேயே இனப்பெருக்கத்திற்கு ஆயத்தமாகிவிடும். உணவு குறைந்தால் பெண் சிப்பிகள் ஆணாக மாறுவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கின்றனர். பிழைத்திருப்பதற்கென்றே அமைந்த உயிர் எனலாம்.

அது எவ்வாறு கடல் கடந்தது? சரக்கை இறக்கிய கப்பல் வெறுமையாகச் சென்றால் அலையில் நிலைகுலையும். ஆகையால் துறைமுகத்து நீரையே தன் அடிவயிற்றில் நிரப்பிக்கொண்டு புறப்படும். சரக்கு ஏற்றும் துறையில் அந்த நீரை வெளியே விடும். ஒரு கடலின் நீரோடு அக்கடலின் கண்காணாக் குஞ்சுகளும் வேறொரு கடலில் இறங்கிவிடும். கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டும் சில உயிர்கள் பயணம் செய்யும். 1986இல் இதே சிப்பி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரத்து மின்நிலையத்தின் நீர்க்குழாய்களை அடைத்தது. 2010களில் பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளின் கரைகளில் தென்பட்டது. அதே பத்தாண்டின் இறுதியில் கேரளத்துக் காயல்களில் பதிவாயிற்று. பின்னர் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மீனவரின் வலைகளில் கொத்துக் கொத்தாக ஏறியது.

நம் கரைக்கு இத்தகைய அனுபவம் புதிதன்று. 1967இல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் மைடிலோப்சிஸ் என்னும் வேறோர் அமெரிக்கச் சிப்பி கண்டறியப்பட்டது. அது பின்னர் மும்பைக் கரையிலும் வேரூன்றியது. 1999இல் அதே சிப்பி ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துப் படகுத்துறைகளில் காணப்பட்டபோது, அந்நாட்டு அரசு உடனே துறைகளை மூடி, வேதிப்பொருள்களை இட்டு அதை முற்றாக ஒழித்தது. வந்த சில மாதங்களிலேயே கண்டதனாலும், இடம் மூடக்கூடியதாக இருந்ததனாலும் அது கைகூடிற்று. திறந்த கழிமுகத்தில், ஆண்டுகள் கடந்தபின் அத்தகைய மருத்துவம் இயலாது. கப்பல்நீரைத் தூய்மை செய்யவேண்டும் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை 2004இல் உருவாகி, 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் சிப்பி பல கடல்களைக் கடந்துவிட்டது.

எண்ணூரில் அது செய்வது என்ன? சேற்றின் மேல் ஒரு கறுத்த ஓட்டுப் படலமாகப் பரவி, தரையை மூடிவிடுகிறது. இறால் புதைய இடமில்லை. மண்ணுக்குள் வாழும் மஞ்சள் மட்டிக்கு மூச்சுவழி அடைபடுகிறது. மேயும் மீனுக்கு மேய்ச்சல் இல்லை. கூரிய ஓடுகள் வலையைக் கிழிக்கின்றன; சேற்றில் துழாவும் கையையும் காலையும் அறுக்கின்றன. நூற்றாண்டுகளாகக் கையால் படித்துவந்த ஏட்டின்மேல் யாரோ ஆணிகளைப் பரப்பிவைத்தாற்போல் ஆயிற்று.

கரையில் அமர்ந்து வலையைப் பிரித்து, நல்லதைக் கூடையில் இட்டு, ஆகாததை எறியும் மீனவரின் காட்சியை நற்செய்தி ஓர் உவமையாக நமக்குக் காட்டுகிறது. எண்ணூரில் இன்று வலையைப் பிரிப்போர் எறியவேண்டியதே மிகுதி. கூடைக்குச் சேர்வது சிறிது. கிழிந்த வலையைத் தைக்கும் நேரமும் செலவும் அதற்கு மேல்.

கடலுக்கு அப்பால் ஒரு காயல்

இங்கே ஒரு வியப்பைச் சொல்லவேண்டும். நமக்குக் கேடாக வந்த இதே சிப்பி, தன் தாயகத்தில் ஏழையின் உணவு, மீனவரின் வாழ்வு.

பிரேசில் நாட்டின் வடகிழக்கே அலகோவாஸ் என்னும் மாநிலம் உள்ளது. அதன் தலைநகர் மசேயோவின் ஓரத்தில் முண்டாவு என்னும் காயல் விரிந்து கிடக்கிறது. அங்கு இச்சிப்பியைச் 'சுருரு' என்பர். ஆடவர் தோணியில் சென்று, மூழ்கி, காயலின் அடிச்சேற்றிலிருந்து அதைக் கையால் அள்ளிவருவர். பெண்கள் கரையில் விறகடுப்பு மூட்டி வேகவைத்து, ஓட்டை நீக்கிச் சதையைப் பிரித்தெடுப்பர். தேங்காய்ப்பாலில் சமைத்த சுருரு அம்மாநிலத்தின் பெருமைக்குரிய உணவு. 2014இல் அலகோவாஸ் அரசு சுருருவைத் தன் மக்களின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. சேற்றில் மூழ்கும் கை, கரையில் காத்திருக்கும் பெண்கள், கூடை, விறகு என்று அங்குள்ள வாழ்க்கையை எண்ணிப் பார்க்கையில், நம் இருளர் பெண்களும் எண்ணூர் மீனவரும் அவர்களுக்கு உடன்பிறந்தாரைப் போல் தோன்றுகின்றனர்.

அக்காயலும் துன்பமறியாததன்று. நகரத்துச் சாக்கடையும் கரும்பாலைக் கழிவும் அதில் கலந்தன. மசேயோ நகருக்கு அடியில் பல பத்தாண்டுகளாக உப்புச்சுரங்கம் தோண்டியதனால் தரை தாழ்ந்தது, சுவர்கள் வெடித்தன, ஏறக்குறைய 60,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2023 டிசம்பர் 10ஆம் நாள், காயலுக்கு அடியில் இருந்த சுரங்கக் குழி ஒன்று இடிந்து நீருக்குள் உள்வாங்கியது. அங்குள்ள மீனவர் தோணிகளைக் கட்டிவைத்துக் காத்திருந்தனர். அதே டிசம்பரில் எண்ணூர் மீனவர் எண்ணெய் படிந்த படகுகளைத் துடைத்துக்கொண்டிருந்தனர். இரு கரையினரும் ஒருவரையொருவர் அறியார். ஒரே சிப்பி இருவர் வாழ்விலும் இருக்கிறது. ஒரே வகைத் துன்பமும் இருக்கிறது.

ஆகவே சிப்பியைப் பகைவன் என்று ஏசுவதில் பொருளில்லை. தன் காயலில் அது ஒழுங்கான குடிமகன். உண்பவை உண்டு, உண்ணப்பட்டு, அளவோடு வாழ்வது. அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து, அதை உண்ணும் உயிர்கள் இல்லாத, ஏற்கெனவே வலுவிழந்த தரையில் கொண்டுவந்து விட்டது மனிதரின் கப்பல். வந்தது பிழைக்க முயன்றது.

எளிய மருந்தும் கைக்கு எட்டாமை

இதைப் படிக்கும் எவருக்கும் ஓர் எண்ணம் எழுதல் இயல்பு. பிரேசிலில் உண்கிறார்களே, நாமும் பிடித்து உண்டால் என்ன? கேடாக வந்ததை உணவாக்கிக்கொள்வது அறிவுடைமை ஆகாதா?

நல்ல கேள்விதான். விடைதான் நெஞ்சை உறுத்துகிறது. சிப்பி நீரை வடிகட்டி உண்ணும் உயிர். நீரில் இருப்பது எதுவோ அது சிப்பியின் சதையில் சேரும். தூய நீரில் வாழும் சிப்பி நல்ல உணவு. சாம்பலும் எண்ணெயும் ஆலைக்கழிவும் கலந்த நீரில் வாழும் சிப்பி, அவற்றின் நச்சு உலோகங்களைத் தன்னுள் திரட்டி வைத்திருக்கும். அதை நம் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடச் சொல்வார் யார்? ஆற்றை மாசுபடுத்திய செயல், பழைய வளத்தை மட்டும் பறித்துச் செல்லவில்லை. புதிதாக வந்த கேட்டை நன்மையாக மாற்றிக்கொள்ளும் வழியையும் சேர்த்தே அடைத்துவிட்டது. எண்ணூரின் துயரத்தில் இதுவே ஆழமானது என்று எனக்குத் தோன்றுகிறது. தூய்மையான ஆறாக இருந்திருந்தால், நெட்டுக்குப்பத்துப் பெண்கள் இந்நேரம் சுருருவுக்கு நம் மிளகாயும் புளியும் சேர்த்து ஒரு குழம்பு கண்டுபிடித்திருப்பர். விருந்தாளியை வீட்டாராக்கிக்கொள்ளும் திறம் நம் அடுப்படிக்குக் குறைவன்று. மிளகாயே அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததுதானே!

காக்கா ஆழியின் பரவலும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் சென்றது. ஆற்றைத் தூர்வாரி அதை அகற்றுவது பற்றிப் பேசப்பட்டது. அகற்றவேண்டியதுதான். ஆயினும் எந்திரம் அள்ளும்போது சிப்பியோடு சேறும் போகும். சேற்றோடு அதில் எஞ்சியுள்ள மட்டியும் புழுவும் போகும். அள்ளியதைக் கரையோரத்திலேயே கொட்டினால் அடுத்த வெள்ளத்தில் திரும்பிவரும். நீரில் மிதக்கும் குஞ்சுகளை எந்த எந்திரமும் அள்ளாது. எங்கே அள்ளுவது, எப்பருவத்தில் அள்ளுவது, எந்த மேட்டைத் தொடாமல் விடுவது என்பதை அறிந்தவர் அத்தரையில் கைவைத்தவர்களே. சாம்பல் படிவதை முதலில் உணர்ந்தவை அவர்களுடைய கால்கள். கறுத்த ஓடுகள் கூடுவதை முதலில் கண்டவை அவர்களுடைய வலைகள். அறிவியல் பெயர் வருவதற்கு முன்பே அதற்குத் தமிழ்ப் பெயர் வந்துவிட்டது. ஆய்வாளரின் கருவிகள் பின்னர் வந்து உறுதிசெய்தவற்றை, பறியைப் பல்லால் கவ்விய பெண்கள் முன்பே அறிந்திருந்தனர். அவர்களிடம் எவரும் முதலில் கேட்கவில்லை. பல வேளைகளில் இறுதியிலும் கேட்கவில்லை.

நம் பேராயர்களும் பெருவணிகரும் ஆட்சியாளரும் ஆன பல தலைமுறையினர் இந்நகரைக் கட்டினர் என்று வரலாறு எழுதுகிறோம். கட்டிய சுவர்களைப் பூசிய சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்பதும், நகரின் விளக்கு எரிந்தபோது சாம்பல் எங்கே போயிற்று என்பதும் அவ்வரலாற்றின் பகுதிகளே. கடனைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய காலம் இது. கசியும் குழாய்களை நிறுத்துதல், படிந்த சாம்பலை எடுத்தல், வெட்டுண்ட அலையாத்தியை மீண்டும் வளர்த்தல், முகத்துவாரம் அடைபடாமல் காத்தல், வரும் கப்பல்களின் நீரைக் கண்காணித்தல் ஆகியவை பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல. நெட்டுக்குப்பமும் தாழங்குப்பமும் காட்டுக்குப்பமும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருபவைதாம்.

வடசென்னையின் ராயபுரம், மீனவராகிய இராயப்பரின் பெயரால் அமைந்தது என்பர். இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படவில்லை என்று அவர் ஒருநாள் சொன்னதை நாம் வழிபாட்டில் கேட்டுவருகிறோம். அன்று அவருடைய வலையில் மீன்தான் இல்லை. ஏரி நலமாகவே இருந்தது. எண்ணூர் ஆற்றில் இறங்கிய பெண் ஒருத்தி இன்று கையை எடுத்துப் பார்க்கையில் விரலில் குருதி கசிகிறது; பறியில் நாலைந்து இறால்கள் துள்ளுகின்றன. விரலை உப்புநீரில் நனைத்துக்கொண்டு, மறுபடியும் பறியைக் கவ்விக்கொண்டு, ஓடு படியாத சேறு எங்கேனும் மிஞ்சியிருக்கிறதா என்று அவள் கை துழாவிக்கொண்டே நகர்கிறது.